மூன்று கிலோமீட்டர் அகலம்

பாயான் பாரு. இரவு வேலை.
பையில் கட்டி வாங்கிய காப்பி ஓ
ஆணியில் தொங்கி ஆறுகிறது.
திரையில் தீவின் வீட்டுப் பெட்டிகள்
எல்லாம் பச்சை.

கோபுரம் எட்டாத அறைகளுக்கு
நாங்கள் விற்ற கையகலக் கோபுரங்கள்.
டிவி பக்கத்தில் வைப்பார்கள், அரிசி டின் மேல் வைப்பார்கள்,
சாமிப் படத்துக்கு அடியிலும்.
ஒன்று திருநீறு அடைத்துப்
பழுதாகித் திரும்பி வந்தது.

1:40க்கு ஒரு பெட்டி மஞ்சளானது.
பதிந்த முகவரி:
ஜெலுத்தோங், பதினோராம் மாடி.

பெட்டிக்கு வானம் தெரியாது.
சுவருக்குள் செயற்கைக்கோளின் பேச்சு எடுபடாது.
அக்கம்பக்கத்துக் குரல்களை எண்ணித்தான்
தான் இருக்குமிடம் சொல்லும்.
போன வாரம்வரை
சந்தைக் கோபுரம், பாலத்துக் கோபுரம் என
ஆறு பேர் பேசினார்கள்.
இன்று ஒருவர் மட்டும்,
மலைக்குப் பின்னாலிருந்து
இருமல் மாதிரி.

பாயா தெருபோங்.

யாரிடமும் சொல்லாமல் வீடு மாறியவர்களை
அவர்கள் காதில் விழும் சத்தத்தை வைத்தே
கண்டுபிடித்துவிடலாம்.

பெட்டியில் ஒட்டும் கைப்பேசிகள் மூன்று.
இன்று இரண்டுதான்.
பெரிய கோபுரம் வருவோர் போவோருக்கெல்லாம்
தற்காலிகப் பெயர் கொடுத்து அனுப்பும்,
மறுநாள் அதையும் மாற்றும்.
பெட்டி அப்படியில்லை.
வாசலில் நிறுத்தி
ஐநூற்று இரண்டில் தொடங்கும்
பதினைந்து இலக்கத்தையும் வாங்கிக்கொண்டுதான்
உள்ளே விடும்.
இலக்கத்துக்கு நேரே பெயர்:
குணமலர்.
யஸ்வின், வயது பன்னிரண்டு.
சன்னலுக்கும் சமையலறைக்கும் நடுவே,
பத்து மீட்டருக்குள்,
இருவரும் விழித்திருக்கிறார்கள்.

2:05. அழைப்பு.
"பொட்டி என் பேர்ல. பில்லு நான்தான் கட்றேன்.
எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க தம்பி."
மரியாதையான குரல்.
அதுதான் பயமாக இருந்தது.
அவருக்குப் பின்னால் ஒரு கார்
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பார்க்கிறேன் சார் என்று
காத்திருப்பு இசைக்குள் அவரைத் தள்ளினேன்.

முகவரியைத் திருத்தினால்
அடுத்த பில்லில் அச்சாகி
ஜெலுத்தோங் கதவிடுக்கில் விழும்.
திருத்தாவிட்டால்,
பையனுக்கு ஒரு ராத்திரி மூச்சிறைத்து
அவள் 999 அழுத்தினால்,
ஆம்புலன்ஸ்காரர்கள் பதினோரு மாடி ஏறி
இந்த ஆளை எழுப்புவார்கள்.

இடம் மாறிய பெட்டியை ஊமையாக்கலாம் என்று
ஒரு விதி இருக்கிறது.
எண் நினைவில்லை.
அழுத்தினேன்.

"பெட்டி தொடர்பில் இல்லை சார்."
பொய் சொல்லவில்லை.
அது உண்மையாகி
நான்கு விநாடி ஆகியிருந்தது.

"காலையில கூப்பிடுறேன்" என்றார்.
எஞ்சின் அணையவில்லை.
காலையில் இந்த நாற்காலியில் ஃபாரிட் இருப்பான்,
கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் நல்ல பையன்.
குறிப்பேட்டில் 'இடம் முரண்' என்று மட்டும் எழுதினேன்.
பெட்டி கேட்ட அந்த ஒற்றைக் குரலின் பெயரை
எழுதவில்லை.

இனி அவள் பெரிய கோபுரத்தின் ஆள்.
அதன் கண்ணுக்குக் குணமலர்
மூன்று கிலோமீட்டர் அகலம்.
இரண்டு வரிசை பிளாட், ஒரு சீனக் கோயில்,
சரிவில் டுரியான் தோட்டம்,
அதன்மேல் பெய்யும் மழை,
இதில் எதுவும் அவளாக இருக்கலாம்.

ஆனால் மலை மறைக்கும் அறை அது.
மறைப்பதால்தானே
பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மாவின் கைப்பேசி ஒட்டிக்கொண்டது,
ஒரு கோடு.
பையனுடையது தேடுகிறது.
2:31.
2:40.
காப்பிப் பையில் எறும்பு ஏறிவிட்டது.
மூன்று மணிக்கு ஒரு நொடி தெரிந்து
மறுபடி காணோம்.

நான் திரையை மாற்றவில்லை.